குருக்கள்மடத்துப் பாதையில் சொன்னது

பயணக் கட்டுரை எழுத எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். வாவிக்கரையில் பிறந்தவள், அக்கரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை சின்ன வயதிலேயே இருந்தது, அது இது என்று சொல்வேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது பதிலும் இல்லை. என்னை இந்தத் தொழிலுக்குள் பிடரியில் பிடித்துத் தள்ளியது ஒரு மனிதர் செய்த துரோகம். அவர் பெயரைச் சொல்ல மனமில்லை. சொன்னால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரம். பயணக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

அப்போது நான் மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தேன். சாவி கொடுப்பது, கடவுச்சீட்டைப் போட்டோப் பிரதி எடுப்பது, சுடுதண்ணீர் வரவில்லை என்று இறங்கி வருபவர்களைச் சமாளிப்பது, இவ்வளவுதான் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைத்தான் கேட்கவேண்டும். பாலத்தடியில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பி வந்து என்னைப் பார்ப்பார்கள். நான்தான் மீனின் வாயைப் பொத்தி வைத்திருக்கிறேன் என்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை. அந்த எரிச்சலில்தான் எழுதவே தொடங்கினேன். ஐயாமாரே, மீனை விடுங்கள், காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போய் மஸ்கெட் அல்வா சாப்பிடுங்கள், வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் போய்ப் பச்சை வயலைப் பாருங்கள் என்று முகநூலில் சின்னச் சின்னக் குறிப்புகளாகப் போட்டேன். சிலர் விரும்பினார்கள். பலர் பாடும் மீனைப் பற்றியே பின்னூட்டம் எழுதினார்கள்.

விருந்தாளிகளைச் சிரிக்கவைக்க எங்கள் பக்கம் இன்னொரு கதையும் இருக்கிறது. வெளியூரிலிருந்து, அதிலும் யாழ்ப்பாணத்திலிருந்து, இங்கே வேலை மாறி வரும் ஆண்களை அவர்களுடைய தாய்மார் எச்சரித்துத்தான் பஸ் ஏற்றுவார்களாம்: மட்டக்களப்பில் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், கவனம் என்று. மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்களிடம் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில் வந்து இருக்கவேண்டும். நல்ல சோறு, நல்ல கறி, வாடகைக்கு வீடு தேடும் கவலை இல்லை. எழும்பிப் போக அவனுக்கு என்ன விசரா? இந்தக் கதையைப் பிறத்தியார் சொன்னால் எங்களுக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் வீட்டுக்கு ஒருவர் சாப்பிட வந்துவிட்டால், இரண்டாவது அகப்பைச் சோற்றோடு நாங்களே அதை எடுத்துப் பரிமாறுவோம். எங்கள்மேல் சொல்லப்படும் பழியை விருந்தாளிக்குச் சிரிப்பாக்கிக் கொடுப்பதில் எங்களை அடிக்க ஆளில்லை.

பயணக்காரர் கொழும்பில் இருப்பவர். வார இறுதிப் பத்திரிகை ஒன்றில் அவருடைய பயணத் தொடர் வந்துகொண்டிருந்தது. நான் ஒன்று விடாமல் வாசித்திருந்தேன். எங்கள் வாவியைப் பற்றி எழுத வந்து எங்கள் விடுதியிலேயே அறை எடுத்தார். பதிவு செய்யும்போதே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வவுணதீவப் பத்தி எழுதுறது நீங்கதானே? முகநூல்ல பாத்தேன்" என்றார். மேசையில் கையூன்றிக் குனிந்து, "உங்களுக்கு இந்த மேசை காணாது" என்றும் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்கு அன்றைக்கு நான் அவருடைய பயணப் பைகளை எல்லாம் தலையில் சுமந்திருப்பேன்.

மறுநாள் அவரே ஒரு யோசனை சொன்னார். வாவியை அவர் எழுதுவார். மேற்குக் கரையை, வவுணதீவையும் உன்னிச்சையையும், நான் எழுதவேண்டும். "ரெண்டு பேர்ட பேரும் போடுவோம். முதல்ல உங்கட பேர்கூட வரலாம்" என்றார். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டும். என் அம்மா பாலர் பாடசாலையில் படிப்பிப்பவர். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரீச்சரின் மகள், அவ்வளவுதான். விடுதியில் நான் ரிசெப்ஷன். என் பெயர் ஒரு பத்திரிகையில், நான் எழுதியதன் தலைக்குமேல் வந்துவிட்டால் அதைக் கொண்டுபோய் இன்னொரு பத்திரிகையில் காட்டலாம். அந்த மேசையை விட்டு எழும்பலாம். எனக்கு வேறு வழி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. லீவு போட்டேன்.

விடுதிக்காரரின் மோட்டார் சைக்கிளில் அவரும் என் ஸ்கூட்டியில் நானுமாகப் போனோம். வலையிறவுப் பாலத்தைத் தாண்டியதும் நான் வண்டியை ஓரங்கட்டி அவரிடம் சொன்னேன்: "பாத்தீங்களா அண்ணா, பாலத்தத் தாண்டினவுடன கடல்காத்து நிண்டுபோகும். இனி முகத்தில படுறது நெல்லுக் காத்து." அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, உண்மையிலேயே மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தார். "எழுதி வைங்க, விட்டுடாதீங்க" என்றார். நான் அங்கேயே நின்று போனில் எழுதிக்கொண்டேன்.

அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். வட்டை என்றால் எங்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே விரிப்பாகக் கிடக்கும் வயல்நிலம். கதிர் வெளிவரும் பருவம் அது. யானைக்குக் காவல் இருக்கும் பரணுக்குக் கீழே ஒரு குடும்பம் சோறு சமைத்துக்கொண்டிருந்தது. உன்னிச்சைக் குளக்கட்டில் ஒரு பெண் மீன் பொரித்து விற்றாள். மிளகாய்த்தூள் கையோடு எங்கள் இரண்டு பேருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்துவிட்டு, "படம் எடுத்தா மட்டும் போதாது, தின்னணும்" என்று அவரை அதட்டினாள். அவர் படம் எடுத்தார். நான் கேள்வி கேட்டேன், மணந்தேன், தொட்டேன், எழுதினேன். இதுதான் என் வேலை, இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று அந்தக் குளக்கட்டில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அது தெரிந்ததில் தவறில்லை. யாரோடு நின்று தெரிந்துகொண்டேன் என்பதில்தான் எல்லாத் தவறும்.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மகளைப் பத்திரிகையில் எழுதவைக்கப்போகிற மனிதர் அல்லவா? நண்டுக் கறி, இறால் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் எருமைத் தயிர். அலுமாரிக்குள் இருந்த பூப்போட்ட பீங்கான்கள் வெளியே வந்தன. அவர் ரசித்துச் சாப்பிட்டார் என்பதை மறுக்கமாட்டேன். இரண்டாவது முறை சோறு போடும்போது அம்மா வழக்கம்போலச் சொன்னார்:

"கவனம் தம்பி, மட்டக்களப்பில அதிகம் சாப்பிட்டா பாயோட ஒட்டிருவீங்க."

அவர் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, "அப்ப ஐயாவும் வெளியூர்தானா அம்மா?" என்றார்.

"ஓம் தம்பி, யாழ்ப்பாணம். பேங்கில மாறி வந்தவர். வந்தவர் ஒட்டித்தான் போனார்" என்று அம்மாவும் சிரித்தார். "இப்ப கட்டாரில இரிக்கார். கனகாலம். அங்க சரியான வெக்கையாம், பகல்ல வெளிய தலை காட்டேலாதாம். லீவு குடுக்கிறாங்க இல்ல."

நான் தயிர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அப்பா கட்டாரில் இல்லை. ஒருநாளும் கட்டாருக்குப் போனதில்லை. எனக்கு ஐந்து வயதளவில் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை திறந்தது. தாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அங்கே இன்னொரு கலியாணம், பிள்ளைகள். அம்மா கட்டாரை உண்டாக்கினார். பாலர் பாடசாலையில் தன்னோடு படிப்பிக்கும் காத்தான்குடி ரீச்சரின் கணவர் உண்மையிலேயே கட்டாரில் இருந்தார். அந்த வெக்கை, அந்த லீவுப் பிரச்சினை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். ஒழுங்கை முழுவதற்கும் விஷயம் தெரியும். ஆனால் ஒருவர்கூட எங்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். நத்தார் வந்தால், "அவர் வாறாரா ரீச்சர்?" என்று கேட்பார்கள். லீவு கிடைக்கவில்லை என்று அம்மா சொல்வார். "ஓம்கா, அந்த நாடுகள் அப்பிடித்தானே" என்று அவர்களும் பெருமூச்சு விடுவார்கள். ஒரு ஒழுங்கையே சேர்ந்து ஒரு மனிதரைக் கட்டாரில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு சினேகிதியின் போனில் யாழ்ப்பாணத்துத் தேவாலயத் திருவிழாப் படம் ஒன்று வந்தது. அதில் அப்பா. பக்கத்தில் ஒரு பெண், முன்னால் இரண்டு பிள்ளைகள். நான் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. அம்மா எனக்காகக் கட்டிய கட்டாரை அன்றிலிருந்து நான் அம்மாவுக்காகக் காப்பாற்றி வந்தேன்.

சாப்பிட்டு முடிய நாங்கள் குருக்கள்மடத்துக்குப் போனோம். அங்கே துறையிலிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போக ஒரு மிதவை ஓடுகிறது. ஆளும் மோட்டார் சைக்கிளும் ஆடு மாடும் எல்லாம் அதில்தான் ஏறும். நாங்கள் அதைப் பாதை என்போம். தண்ணீரில் நகரும் ஒரு துண்டு ரோட்டு என்றுதான் சொல்லவேண்டும். பாதை புறப்பட்டதும் பயணக்காரர் கம்பியில் சாய்ந்துகொண்டு, நான் கேட்காமலே, தன் மனைவி தன்னை விட்டுப் போன கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுவாராம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தின் நடுவிலேதான் கேட்டார், "உங்கட அப்பா எப்ப வருவார்?"

சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதருக்கு எங்கள் மேசையிலேயே பொய் பரிமாறப்பட்டிருந்தது. அவரோ தன் மனத்தைத் திறந்து காட்டியிருந்தார். அக்கரை வருவதற்குள் எல்லாம் சொன்னேன், படம் பார்த்தது உட்பட. அழுதும் இருந்தேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, "தங்கச்சி, இது என்னோட இருக்கும்" என்றார்.

எழுதவேண்டாம் என்று நீ சொன்னாயா என்று பிறகு சிலர் என்னைக் கேட்டார்கள். சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பவள் அதற்கு அடிக்குறிப்பு வேறு போடவேண்டுமா?

அவர் கொழும்புக்குப் போனதும் என் பகுதியை எழுதி அனுப்பினேன். எத்தனை முறை அடித்து எழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியும். "அருமை. நான் கை வைக்கவே இல்ல" என்று பதில் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றும் சொன்னார். அம்மா கோவிலடிக் கடையில் பத்திரிகைகளைக் கூடுதலாகச் சொல்லி வைத்தார். மகள் எழுதியது வருகிறது என்று ஒழுங்கை முழுவதும் சொல்லியிருந்தார். சுவாமியாருக்கும் சொல்லியிருந்தார்.

முதல் பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா நேரே கடைக்குப் போனார். நான் பின்னால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வருவதற்குள், விரித்துக்கூடப் பார்க்காமல், நின்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பத்திரிகையாகக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமி, எதிர்வீட்டு அக்கா, பாடகர் குழுவில் பாடும் பிள்ளைகள், எல்லோர் கையிலும் இருந்தது. "நடுப் பக்கம், நடுப் பக்கம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகுதான் தனக்கென்று வைத்திருந்ததை விரித்தார். நானும் தோளுக்கு மேலால் பார்த்தேன்.

வாவியின் பெரிய படம். அதன்மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பு: பாயோடு ஒட்டாத மனிதர்.

என் பெயரைத் தேடினேன். இல்லை. அவர் பெயர் மட்டும், படத்தோடு. உள்ளே போனால், வலையிறவுப் பாலத்தைத் தாண்டியதும் கடற்காற்று நின்று நெல்லின் காற்று முகத்தில் பட்டதாம், அவருடைய முகத்தில். உன்னிச்சைக் குளக்கட்டில் மீன் பொரித்த பெண் அவரிடம்தான் கதைத்தாளாம். என் வசனங்கள் அப்படியே, சட்டை மாற்றாமல் நின்றன. கை வைக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். நானும் கட்டுரையில் இருந்தேன். "என் வழிகாட்டி, கண்களில் வாவியின் சோகத்தைச் சுமந்த இளம்பெண்" என்று. நான் கேள்வி கேட்டதும் இல்லை, எழுதியதும் இல்லை. கட்டுரை முழுவதும் சும்மா தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பகுதி எங்கள் வீடு. நண்டுக் கறி. பூப்போட்ட பீங்கான். பாலர் பாடசாலை ஆசிரியையான தாய் சிரித்தபடி பாய்க் கதையைச் சொல்கிறாள், தன் கணவன் கட்டாரில் இருப்பதாகச் சொல்கிறாள். அடுத்த பந்தியில் பாதை. வாவியின் நடுவில் மகள் அழுதபடி உண்மையை, பள்ளி நாளில் பார்த்த படம் உட்பட, சொல்கிறாள். பாயிலிருந்து தன்னை உரித்துக்கொண்டு போன மனிதனைப் பற்றியும், பீங்கான் துடைத்துக்கொண்டு இன்னும் பொய் சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றியும் அழகாக எழுதியிருந்தார். அழகாகத்தான் எழுதியிருந்தார், அதுதான் வயிற்றெரிச்சல். விட்டுப்போன மனைவியையும் இரண்டு கோப்பைகளையும் பற்றி ஒரு வரியும் இல்லை.

அம்மா கடைசி வரிவரை வாசித்தார். கோவில் வாசலில் ஒவ்வொருவராகப் பத்திரிகையை மடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமி முதலில் வந்தார். பத்திரிகையை நாலாக மடித்து அம்மாவின் கையில் திருப்பி வைத்து, "இஞ்ச பாருங்க ரீச்சர், கண்ணாடிய வீட்ட வச்சிட்டு வந்திட்டன். ஒரு எழுத்தும் தெரியல்ல. மறுகா வாசிக்கிறன்" என்றார். அவருடைய கண்ணாடி அவருடைய நெற்றிக்குமேல் ஏற்றிவிடப்பட்டிருந்தது. எதிர்வீட்டு அக்காவும் வந்தார், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாராம், வாசிக்க நேரமில்லையாம். அம்மா எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிக்கொண்டார். "ஓம், ஓம், ஆறுதலா வாசிக்கலாம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே பயணக்காரருக்கு போன் எடுத்தேன். முதல் வார்த்தையே, "தங்கச்சி, பாத்தீங்களா, நல்ல வரவேற்பு" என்றார்.

"என்ட பேர் எங்க அண்ணா?"

"எடிட்டர் இடம் இல்லன்னுட்டார். நான் எவ்வளவோ சொன்னேன்."

"அம்மாட கதைக்கு மட்டும் இடம் இருந்திச்சா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியவர்கள் சின்னவர்களுக்குப் பேசும் அந்தக் குரலில் சொன்னார். அம்மாவின் பெயர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது, மரியாதையோடுதான் எழுதினேன், உண்மையை எழுதத் துணியாவிட்டால் நீங்கள் இந்தத் துறைக்கு வரவே கூடாது.

"உண்மையா? அப்ப உங்கட மனுசி விட்டிட்டுப் போனதயும் எழுதுங்க. நான் இடம் பிடிச்சித் தாறன்" என்றேன். அவர் வைத்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து, திருகோணமலைப் பக்கம் வருகிறேன், வழிகாட்ட வருவீர்களா என்று ஒரு செய்தி அனுப்பினார். அந்த ஆளுடைய தோலை என்ன சொல்வது? இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பெரிய மனதுக்காரி போல இருக்கும், ஆனால் தீரவில்லை.

வீட்டில் அம்மா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போடட்டா, காஸ் முடிஞ்சிட்டுது, மழை வரும்போல, உடுப்பை எடு. அவ்வளவுதான் பேச்சு. அந்த நத்தாருக்கு ஒழுங்கையில் யாரும் அப்பா வருகிறாரா என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் பெரிய அவமானமாக இருந்தது. எல்லோரும் கேக்கைக் கொடுத்துவிட்டு அவசரமாகப் போனார்கள். அம்மா வாசலில் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றார், கேள்வி பின்னால் வரும் என்பதுபோல.

தை மாதத்தில் ஒரு பெண் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். புதிதாகத் தொடங்கிய ஓர் இணைய இதழின் ஆசிரியர். "நீங்கதானே அந்தக் கட்டுரையில வாற பொண்ணு?" என்றார். என் முகநூல் குறிப்புகளைத் தேடி வாசித்தாராம், நெல்லுக் காற்று வசனம் யாருடையது என்று அவருக்கு விளங்கிவிட்டதாம். அந்தக் கதையை மகளின் பக்கத்திலிருந்து எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். என் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டேன், வேண்டுமானால் வாகரைப் பக்கம் போய் எழுதித் தருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பெயர் போடுவீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தட்டிக்கொண்டிருந்த கதவு திறந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் காலால் உதைத்ததால் திறந்தது. முதல் வேலை கிடைத்த அன்று நான் கோபத்தில்தான் இருந்தேன்.

பின்னேரம் அம்மா முன்ஹோலில் பாயை விரித்து உட்கார்ந்து, பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வர்ணத்தாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வாகரைக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"ஆரோட?" என்றார். கத்திரிக்கோல் நிற்கவில்லை.

"தனியத்தான்."

"தனியப் போவியா?"

"போவன் அம்மா. தனியப் போய்ப் பழக்கம் இரிக்கு."

"எங்க போன நீ தனிய?"

விடுதிச் சினேகிதிகளோடு ஒருமுறை நுவரெலியா போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியே வேறிடம் போயிருந்தேன். அதையே இழுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இனிக் காப்பாற்ற என்ன மிச்சம்?

"யாழ்ப்பாணம்" என்றேன்.

கத்திரிக்கோல் நின்றது. அம்மா வெட்டிய மீனைப் பாயில் வைத்தார். இவ்வளவு நாளும் பேசாதிருந்ததை அப்போதுதான் பேசினார்.

"இஞ்ச பாரு புள்ள. ஊருக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும். நான் என்ன விசரியா? நத்தாருக்கு நத்தார் அதுகள் கேட்கக்குள்ள அதுகள்ர மூஞ்சியில தெரியாதா? உனக்குத் தெரியாது எண்டு நெனச்சித்தான் அவ்வளவையும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். அந்தப் பேப்பர வாசிக்கக்குள்ள ஊர நெனச்சி எனக்கு ஒண்டும் வரல்ல. நீ பள்ளிக்கூடம் போற நாளில இருந்து தெரிஞ்சிகொண்டே என்ட வாயப் பாத்துக்கொண்டு இருந்திருக்காய். அத ஒரு பிற மனிசன் சொல்லியா எனக்குத் தெரியணும்?"

துரோகம் எனக்குத்தான் நடந்தது என்று அத்தனை கிழமைகளாக எரிந்துகொண்டிருந்தேன். அம்மாவும் அதே அடுப்பில்தான் இருந்திருக்கிறார், ஆனால் அவருடைய கணக்கில் நானும் அந்த மனிதரும் ஒரே பக்கத்தில். அழுகை வந்தது. அம்மா அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "அவரக் கண்டியா?" என்றார்.

"இல்ல. வீட்ட மட்டும் பாத்தன். ரோட்டில நிண்டு."

"கதவத் தட்டல்லயா?"

"இல்ல."

"இதையும் அந்த ஆளுக்குச் சொன்னியா?"

"இல்லம்மா. இத ஒருத்தருக்கும் சொல்லல்ல."

அம்மா கால்களை மடித்துச் சரியாக உட்கார்ந்தார். "எனக்குச் சொல்லு" என்றார். "எப்பிடி வீடு?"

நான் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த ரோட்டையும், அந்தப் படத்தில் இருந்த தேவாலயத்துக்குப் பின்னால் திரும்பும் ஒழுங்கையையும் சொன்னேன். கிடுகு வேலியில் தொடங்கிப் பாதியில் மதிலாக மாறும் எல்லை, முற்றத்துப் பலாமரம், அதில் சாய்த்திருந்த பிள்ளைகளின் சைக்கிள்கள், கொடியில் காய்ந்த சேர்ட், உள்ளே யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றையும் அழகாக்காமல், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி உன்னிப்பாக என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை, அதன்பிறகு வாசித்ததும் இல்லை.

"முன்னுக்குப் பெரிய இரும்புக் கேட் அம்மா, பச்சை நிறம்" என்றேன்.

"பச்சை இல்ல புள்ள, நீலம்" என்றார் அம்மா. பிறகு கத்திரிக்கோலைக் கையில் எடுத்து, "நான் போய் நிண்டது நீ சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள. பெயின்ற் மாத்தியிருப்பாங்க" என்றார்.